டெஸ்க்டாப்பில் அறுபடாத வைஃபை: நான் போய்ச் சேர்ந்த வழி

ரூட்டர் ஒரு அறையில், டெஸ்க்டாப் இன்னொரு அறையில், நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர். லேன் கேபிள் இழுக்க வழியில்லை. அதே மேசையில் வைத்த லேப்டாப்பும் போனும் சிரமமில்லாமல் ஓடும். டெஸ்க்டாப் மட்டும் வீடியோ மீட்டிங் நடுவே உறைந்து நிற்கும். வேகச் சோதனை போட்டால் எண்கள் நன்றாகத்தான் வரும். அது முடிந்த கையோடு மறுபடி திணறும். வேகம் இருக்கிறது, நிலைத்தன்மை இல்லை. இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

இணையம் திணறினால் சேவை நிறுவனத்தைத் திட்டுவதுதான் நமக்கெல்லாம் முதல் வேலை. அதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். இரண்டு கட்டளைச் சாளரங்களை (விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கு (பல வீடுகளில் 192.168.1.1 அல்லது 192.168.0.1), இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரிக்குத் தொடர்ந்து பிங் (சின்னக் கேள்வி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் கட்டளை) ஓடவிடுங்கள். திணறும் நேரத்தில் இரண்டையும் பாருங்கள். ரூட்டருக்கான பிங் நிதானமாக இருந்து வெளியே போவது மட்டும் தடுமாறினால் கோளாறு வெளியே. ரூட்டருக்கே தடுமாறினால் கோளாறு வீட்டுக்குள்தான். எனக்கு இரண்டாவது வகை. 2, 3 மில்லிசெகண்டில் வரவேண்டிய பதில் சட்டென்று 400, 600 என்று தாவும், சில நேரம் வராமலே போகும். சேவை நிறுவனத்துக்குப் போன் செய்து பயனில்லை என்பது அங்கேயே தெளிவாகிவிட்டது.

அடுத்தது சிக்னல். திரையின் மூலையில் தெரியும் கோடுகளை நம்பவேண்டாம். போனில் ஒரு வைஃபை அனலைசர் செயலியைப் போட்டால் சிக்னலின் வலுவை டிபிஎம் என்ற அளவில் காட்டும். எல்லாம் மைனஸ் எண்கள். பூஜ்ஜியத்துக்கு அருகில் இருந்தால் நல்லது. -50 அருமை, -67 வரை வீடியோ அழைப்புக்குப் போதும், -75-ஐத் தாண்டினால் அறுபடத் தொடங்கும். போனை மேசைமேல் வைத்தேன்: -57. அதே போனை மேசைக்கடியில், கணினியின் கேபினெட்டுக்குப் பின்னால், யு.எஸ்.பி வைஃபை டாங்கிள் (டெஸ்க்டாப்புக்கு வைஃபை தரும் சின்னக் குச்சி) செருகியிருந்த இடத்தில் வைத்தேன்: -71. பத்து டெசிபெல் குறைந்தாலே வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். இங்கே குறைந்தது பதினான்கு. ரூட்டருக்கும் டாங்கிளுக்கும் நடுவே கேபினெட் என்கிற இரும்புப் பெட்டி முழுதாக நிற்கிறது, வேறென்ன ஆகும்? லேப்டாப்பில் ஆன்டெனாவைப் பெரும்பாலும் திரையின் மேல்விளிம்பில் ஒளித்து வைத்திருப்பார்கள். அது ஓடியதன் ரகசியம் அதுதான்.

இதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுக்கும்போதெல்லாம் பிங் கூடுதலாகத் தாவியது. டிஸ்க் செருகியிருந்தது டாங்கிளுக்குப் பக்கத்து நீலநிற யு.எஸ்.பி 3.0 போர்ட்டில். இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது: யு.எஸ்.பி 3.0 வேலை செய்யும்போது அதன் போர்ட், கேபிள், சாதனம் எல்லாவற்றிலிருந்தும் கசியும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் வந்து விழுகிறது. என் டாங்கிளோ 2.4-ல் மட்டும் ஓடுவது. காதுக்குப் பக்கத்தில் மேளம் அடித்தால் அடுத்த அறையிலிருந்து பேசுவது எப்படிக் கேட்கும்?

ஒரு மீட்டர் நீள யு.எஸ்.பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளை மாட்டி மேசைமேல் கொண்டுவந்தேன். பாதிக்கு மேல் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். ரிப்பீட்டர் வாங்கு என்று சொல்லாத ஆளில்லை. ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர், கேட்டதை அதே சேனலில் திருப்பிச் சொல்கிறது. கிடைக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். டெஸ்க்டாப் ஒன்றுக்காக அதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மெஷ் கருவிகள் (வீடெங்கும் வைத்து ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்குபவை) ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கதை வேறு: ஒன்றை டெஸ்க்டாப் அறையில் வைத்து, அதிலிருந்து சின்ன லேன் கேபிளைக் கணினிக்குக் கொடுத்துவிடலாம்.

மிச்சமிருந்த திணறலுக்குக் காரணம் நெரிசல். 2.4-ல் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் அந்த மூன்றில்தான். போதாததற்கு புளூடூத் மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசை. எனவே 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற முடிவு செய்து, டாங்கிளை ஓரம்கட்டி மதர்போர்டில் செருகும் பிசிஐஇ வைஃபை கார்டு வாங்கினேன். உள்ளே இருப்பது இன்டெல் ஏஎக்ஸ்210. வாங்கும்போது கவனம்: ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று பார்வைக்கு அதேபோல இருக்கும் கார்டுகள் உண்டு. அவை அதற்கென்றே வசதி செய்த இன்டெல் மதர்போர்டுகளில்தான் ஓடும். ஏஎம்டி மதர்போர்டிலோ சாதாரண பிசிஐஇ அடாப்டரிலோ வேலை செய்யாது. கார்டோடு வரும் சின்ன ஒயரை மதர்போர்டின் யு.எஸ்.பி 2.0 பின்களில் மாட்டினால்தான் புளூடூத் வரும். வைஃபைக்கு அது தேவையில்லை.

கார்டு மாட்டிவிட்டால் ஆன்டெனா எங்கே வரும்? மறுபடியும் அதே இரும்புப் பெட்டிக்குப் பின்னால். நேரடியாகத் திருகும் ஆன்டெனாவை விட்டுவிட்டு, கேபிளும் காந்த அடியும் உள்ள ஆன்டெனாவைத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். அதன் கேபிள் முனைகள் இரண்டையும் கார்டில் மாட்டவேண்டும், ஒன்றோடு நிறுத்தினால் பாதிப் பயன்தான். ஆன்டெனாவின் நுனியை ரூட்டர் பக்கம் குறிபார்த்து நீட்டுவதும் தவறு. குச்சி ஆன்டெனாவின் சிக்னல் அதைச் சுற்றி வளையமாகப் பக்கவாட்டில்தான் பரவும், நுனித் திசையில் மிகக் குறைவு. ரூட்டர் அதே மாடியில் இருந்தால் செங்குத்தாக நிறுத்துங்கள்.

5 ஜிகாஹெர்ட்ஸை சுவர் அதிகமாகவே விழுங்கும். ஆனாலும் மேசைமேல் வைத்த ஆன்டெனாவில் -63 வந்தது, போதும். பிறகு ஒரு புதுக் கூத்து. நாலைந்து நாளுக்கொருமுறை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் 5-லிருந்து கழன்று, ஒரு நிமிடம் போல ஆனபின் திரும்பி வரும். ரூட்டரின் பதிவைப் பார்த்தால் சேனல் 100-லிருந்து வேறொன்றுக்கு மாறியிருந்தது. 52 முதல் 144 வரையுள்ள சேனல்களைப் பல நாடுகளில் ரேடார்களோடு பகிர்ந்துகொள்கிறோம். ரேடார் போல ஏதாவது கேட்டால் ரூட்டர் உடனே இடத்தைக் காலிசெய்தாக வேண்டும். ரேடாரோடு பகிரும் இன்னொரு சேனலில் உட்காருவதற்கு முன் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்கவேண்டும். சேனல் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்து 36-ல் நிறுத்தினேன். அதன்பிறகு அந்தக் கூத்து இல்லை.

சேனல் அகலத்தையும் 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து 40 ஆகக் குறைத்தேன். அகலம் பாதியானால் உள்ளே வரும் இரைச்சலும் பாதியாகும். வேகச் சோதனையின் எண் கணிசமாக இறங்கியது, பிங் அடங்கி உட்கார்ந்தது. பெரிய கோப்புகளை இறக்குவதே முழுநேர வேலை என்றிருப்பவருக்கு இது பிடிக்காது. எனக்கு மீட்டிங் அறுபடாமல் இருந்தால் போதும். 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் வைத்ததால் டெஸ்க்டாப் இரண்டுக்கும் நடுவே தாவுவதும் நின்றது.

விண்டோஸில் கடைசியாக ஒரு டிக். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற அனுமதி இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். எந்நேரமும் மின்இணைப்பில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு அந்தச் சிக்கனம் எதற்கு? லினக்ஸிலும் வைஃபையின் பவர் சேவ் வசதியை அணைத்துவைக்கலாம். சில விண்டோஸ் கணினிகளில் பவர் மேனேஜ்மென்ட் பகுதியே தென்படாது. டிரைவரை சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுத்துப் போடுங்கள். டிரைவர் புதுப்பித்த பிறகு அந்த டிக் எனக்கு ஒருமுறை தானாகத் திரும்பி வந்திருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று தடுமாறினால் ஆன்டெனாவை நகர்த்துவதற்கு முன் அதைப் பாருங்கள்.