பன்னாட்டு மாணவர் விழா: மேடைக்கு வெளியே கவனிக்க வேண்டியவை

பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு மாணவர் விழா நடத்த ஒரு குழு கூடினால், முதல் கூட்டத்தில் பேச்செல்லாம் மேடையைப் பற்றித்தான் இருக்கும். யார் ஆடுவது, யார் பாடுவது, யார் தொகுத்து வழங்குவது என்று. மேடை எப்படியும் ஒப்பேறிவிடும். ஆடுகிறவர்கள் யாரும் சொல்லாமலே ராத்திரி பகலாக ஒத்திகை பார்ப்பார்கள். சொதப்புவது வேறு இடங்களில்: நாள் குறிப்பதில், பிளக் பாயிண்டில், சோற்றுப் பாத்திரத்தில், கொடி கட்டுவதில். எல்லாம் சரியாக நடந்தும், இருபது நாட்டு மாணவர்கள் அவரவர் கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அவரவர் கூட்டத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு கலைந்து போவதும் உண்டு. அதைத் தடுப்பதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

முதலில் நாள். தேர்வு அட்டவணையை மட்டும் பார்த்து நாள் குறிப்பதுதான் வழக்கம். அது போதாது. இஸ்லாமிய நாட்காட்டி சூரிய ஆண்டைவிட 10, 11 நாள் குறைவு என்பதால் ரமலான் ஒவ்வொரு வருடமும் முன்னே நகரும். 2030இல் ஜனவரியில் ஒரு முறை, டிசம்பர் கடைசியில் இன்னொரு முறை என்று இரண்டு ரமலான் தொடங்கும். சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் மட்டும் மார்ச் 20, 21ஐ விட்டுப் பெரும்பாலும் அசையாது. போன வருடக் கோப்பை எடுத்துத் தேதியை அப்படியே நகலெடுக்கும் குழு, நோன்பு மாதத்தின் நடுவில் பகல் விருந்து வைத்துவிடும். பிறை பார்த்து முடிவாகும் பண்டிகைகள் ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்பதால், அன்றைக்கே அரங்கம் பிடிக்காமல் அடுத்து வரும் வார இறுதியைப் பிடிப்பது நல்லது. வெள்ளி மாலை தொடங்கி சனி சூரியன் மறைந்து இருட்டும்வரை யூத மாணவர்களில் ஓய்வுநாள் கடைப்பிடிப்பவர்கள் வரமாட்டார்கள். சனி இரவு என்றால் வருவார்கள்.

தமிழ் மாணவர்கள் பெரும்பாலும் கோட்டை விடும் வாய்ப்பு ஒன்று உண்டு. சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் கணக்கை வைத்து, ஏப்ரல் 13 முதல் 15க்குள் நமக்கு மட்டுமா புத்தாண்டு பிறக்கிறது? கேரளத்தின் விஷு, பஞ்சாபின் வைசாகி, வங்காளப் புத்தாண்டு, நேபாளப் புத்தாண்டு, சிங்களப் புத்தாண்டு, தாய்லாந்தின் சொங்க்ரான், மியான்மர், கம்போடியா, லாவோஸ் புத்தாண்டுகள் எல்லாம் அதையொட்டித்தான். ஆறேழு சங்கங்கள் தனித்தனியாகச் சின்ன அறை எடுத்து, தனித்தனியாகப் பணம் கேட்டு அலைவதற்குப் பதில் ஒரே அரங்கத்தில் ஒரு கூட்டுப் புத்தாண்டு வைக்கலாம். ஏன் எல்லோருக்கும் ஒரே வாரம் என்ற கேள்வியே பாதிப் பேரைப் பேசவைத்துவிடும்.

நோன்பு திறப்பு நடத்துகிறீர்கள் என்றால் அதற்கு நேரம்தான் எல்லாம். சூரியன் மறையும் நிமிடத்துக்குக் கால் மணி முன்பே ஒவ்வொரு மேசையிலும் பேரீச்சையும் தண்ணீரும் இருக்க வேண்டும். வரிசையில் போய் வாங்கிக்கொள்ளட்டும் என்று விடக்கூடாது. பேசுபவர்கள் எல்லோரும் அதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். பதினான்கு மணி நேரம் பட்டினி கிடந்தவர்கள் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சிறப்பு விருந்தினரைப் போல் எரிச்சலூட்டுபவர் யாருமில்லை. நோன்பு திறந்ததும் மஃரிப் என்ற அந்திநேரத் தொழுகைக்குப் பக்கத்து அறை ஒன்று, செருப்பு விட இடம், கைகால் கழுவ வசதி. முழுச் சாப்பாடு அதற்குப் பிறகு. எனவே சூடான உணவு அரங்கத்துக்கு வர வேண்டியது சூரியன் மறையும் நேரத்தில் அல்ல, அதற்குப் பிறகு பத்து, பதினைந்து நிமிடத்தில்.

இனி மின்சாரம். உணவு ஸ்டால்கள் வைக்கும் விழாக்களில் இதுதான் மிகச் சாதாரணமான விபத்து: நிகழ்ச்சி சூடு பிடிக்கும் நேரத்தில் ஒரு பக்கம் முழுக்க பவர் போய்விடும். காரணம் எளிய பெருக்கல்: வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 230 வோல்ட் நாடுகளில் 16 ஆம்பியர் சர்க்யூட் (ஒரே ஃபியூஸில் சேரும் வயரிங்) ஒன்று தாங்குவது சுமார் 3,680 வாட். 120 வோல்ட் நாடுகளில் 15 ஆம்பியர் சர்க்யூட் 1,800 வாட். அதுவும் மணிக்கணக்கில் ஓடும் சுமை என்றால் 80 சதவீதம், அதாவது 1,440 வாட் வரைதான். ஒரு இண்டக்ஷன் அடுப்பு மட்டும் 1,800 முதல் 2,000 வாட் இழுக்கும். பக்கத்து ஸ்டாலில் யாராவது கெட்டிலைப் போட்டால் கதை முடிந்தது. சுவரில் ஆறு பிளக் பாயிண்ட் தெரிவதால் ஆறு சர்க்யூட் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஆறும் ஒன்றாகவே இருக்கலாம். எது எதோடு சேர்ந்தது என்று அரங்கத்தின் எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, சுவரில் டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு ஸ்டாலும் கொண்டுவரும் சாதனத்தின் அடியில் எழுதியிருக்கும் வாட்டைப் பதிவுப் படிவத்திலேயே வாங்கிவிடுங்கள். சமையலை வேறிடத்தில் முடித்துவிட்டு, அரங்கத்தில் சூடு தணியாமல் வைப்பதற்கு மட்டும் கரண்ட் எடுப்பதுதான் உத்தமம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகுவது தீ விபத்துக்குப் போடும் அழைப்பு.

இதில் ஒரு கிளைப் பிரச்சினை. ஊரிலிருந்து கொண்டுவந்த ரைஸ் குக்கரை யுனிவர்சல் அடாப்டரில் மாட்டுவார்கள். அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. ஜப்பானின் 100 வோல்ட் குக்கரை 230 வோல்ட்டில் போட்டால் சில நொடிகளில் புகைதான் வரும். புகை என்றதும் இன்னொன்று: ஊதுபத்தி, சாம்பிராணி, மேடைப் புகை இயந்திரம் எல்லாமே புகை உணரியைத் தூண்டும். அனுமதி இல்லாமல் ஏற்றினால் அலாரம் அடித்து மொத்தக் கட்டடத்தையும் காலி செய்யவைப்பார்கள்.

உணவின் அளவைக் கணக்கிட ஒரு வழி. 300 பேர், 15 ஸ்டால் என்று வையுங்கள். எல்லோரும் எல்லாவற்றையும் ருசிக்கமாட்டார்கள். சராசரியாகப் பாதி ஸ்டால்களில் வாங்குவார்கள். எனவே ஒரு ஸ்டாலுக்கு 150 பங்கு. ஒரு பங்கு இரண்டு கரண்டி, சுமார் 40 கிராம். ஆக 6 கிலோ. ஒருவருக்கு மொத்தம் 300 கிராம் சேர்கிறது. அது ஒரு வேளைச் சாப்பாடுதான். இதில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே எடுத்து வைத்துவிட்டு இரண்டாவது மணி நேரத்தில்தான் வெளியே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வந்தவர்கள் தட்டை நிரப்பிக்கொண்டு போய்விடுவார்கள், வகுப்பு முடிந்து வருபவர்களுக்குக் காலிப் பாத்திரம்தான் மிஞ்சும்.

உணவு கெட்டுப்போகும் விஷயத்தில் எல்லோரும் இறைச்சிக்குத்தான் பயப்படுகிறார்கள். சோற்றுக்கும் பயப்பட வேண்டும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. காலையில் வடித்துப் பெரிய அண்டாவில் மூடி வைத்த சோற்றை மாலை ஆறு மணிக்குச் சூடேற்றிப் பரிமாறுவதுதான் ஆபத்து. ஒன்று, 60 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே வைத்திருங்கள் (சில நாடுகளின் விதி 63 என்கிறது). அல்லது அகலமான தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து 5 டிகிரிக்குக் கீழே குளிரூட்டியில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் கிடந்ததை யோசிக்காமல் கொட்டிவிடலாம். ஸ்டால்களுக்குப் பொதுவாக உணவுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தால் தகராறே இல்லை.

ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் ஓர் அட்டை கட்டாயம். அதில் உணவின் பெயரைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 ஒவ்வாமைப் பொருட்களைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் பட்டியலில் 9, அதில் எள் 2023இல்தான் நடைமுறைக்கு வந்தது. வேர்க்கடலையைக் கேட்டுக் கேட்டு எழுதுவார்கள், நல்லெண்ணெயை மறந்துவிடுவார்கள். ‘சைவம்’ என்று மட்டும் எழுதுவதும் போதாது. ஒருவருக்கு முட்டை சைவம், இன்னொருவருக்கு மீன் சாஸ் ஊற்றினாலும் காய்கறி காய்கறிதான். முட்டை, மீன் சாஸ், ஜெலட்டின், மது, மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, பால் என்று பொருளின் பெயரை எழுதிவிட்டால் சாப்பிடுகிறவர் முடிவு செய்துகொள்வார். இறைச்சி எங்கே வாங்கியது என்று உறுதியாகத் தெரியாமல் ‘ஹலால்’ என்று எழுதவே கூடாது. ஒரே கரண்டி இரண்டு பாத்திரத்துக்குள் போனால் அட்டை எழுதியதே வீண்.

கொடிக்கு வருவோம். அலங்காரப் பொருள்தானே என்று கடைசி நாளில் ஆர்டர் செய்வார்கள், பிறகு மாட்டிக்கொள்வார்கள். போலந்துக் கொடியைத் தலைகீழாகக் கட்டினால் இந்தோனேசியா. அதையே கொஞ்சம் அகலம் குறைத்தால் மொனாக்கோ. ஆப்பிரிக்க நாடான சாட், ருமேனியா இரண்டின் கொடிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரிவது கஷ்டம். பிலிப்பைன்ஸ் கொடியில் சிவப்பு மேலே வந்தால் அந்த நாடு போரில் இருக்கிறது என்று பொருள். சவுதிக் கொடியில் இஸ்லாத்தின் உறுதிமொழி எழுதியிருப்பதால் அதைக் காகிதத் தட்டிலோ குப்பைக்குப் போகும் தோரணத்திலோ அச்சடிக்கக் கூடாது. சுவிட்சர்லாந்து சதுரம், நேபாளம் நாற்கரமே இல்லை. ஒரே அளவுச் சட்டத்தில் எல்லாவற்றையும் அடைத்தால் இவை இரண்டும் சிதைந்துவிடும்.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. எந்தக் கொடி இருக்கலாம் என்பதுதான் உண்மையான சண்டை. ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகள் மட்டும் என்று விதி வைத்தால் தைவான் மாணவர்கள் வெளியே நிற்பார்கள். கேட்பவர்களுக்கெல்லாம் இடம் என்றால் வேறொரு சங்கம் வெளிநடப்பு செய்யும். யாருக்கும் வலிக்காத விதி கிடையாது. ஆனால் பதிவு தொடங்கும் முன்பே எழுதி வெளியிட்ட விதிக்கும், விழா அன்று மாலை வாசலில் எடுக்கும் முடிவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உலக வரைபடத்துக்கும் இதே கதைதான். எல்லைக்கோடு இல்லாத வரைபடமாகப் பார்த்து வாங்குங்கள். என் வாதம், ஸ்டால்களை நாட்டின் பெயரில் பிரிக்காமல் மொழியின் பெயரில் பிரிப்பது. இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் தமிழர்கள் நான்கு கொடிகளின் கீழே சிதறாமல் ஒரே மேசையில் உட்காரலாம். அரபு, ஸ்பானிய, சுவாஹிலி மேசைகளுக்கும் அப்படியே. மொழியை மட்டும் தனியாகக் கொண்டாட பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாள், இருக்கவே இருக்கிறது. 1952இல் டாக்காவில் மொழிக்காக மாணவர்கள் உயிர்விட்ட நாள் அது. யுனெஸ்கோ 1999இல் அறிவித்தது. மாணவர் சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாள் எது?

கலந்து பேச வைப்பதற்கு முத்திரை அட்டை என்றொரு வழக்கமான உத்தி உண்டு. ஒவ்வொரு ஸ்டாலிலும் ஒரு முத்திரை, எல்லாம் வாங்கினால் பரிசு. அப்படியே விட்டால், அட்டையை நீட்டுவார்கள், முத்திரை விழும், அடுத்த ஸ்டாலுக்கு ஓடுவார்கள். ஒரு வார்த்தை பேச்சு இருக்காது. முத்திரைக்கு முன்னால் இரண்டு நிமிட வேலை ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். தமிழ் ஸ்டாலில் வந்தவரின் பெயரை நாம் அழகாக எழுதிக் கொடுக்கக் கூடாது. எழுத்து அட்டவணையைக் கொடுத்து அவரையே எழுதவைக்க வேண்டும். ‘கொ’வில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து, கால் பின்னால் போவதைப் பார்த்ததும் கேள்வி தானாக வரும். பதினைந்து ஸ்டாலும் கட்டாயம் என்றால் ஓட்டப் பந்தயமாகிவிடும், எட்டு போதும். ஸ்டாலில் இருவராவது இருந்தால்தான் வரிசை நகரும்.

உட்காரும் இடத்துக்கு, வாசலில் வண்ண டோக்கன் கொடுத்து மேசை பிரிக்கலாம். முழுக்கத் தனியாகப் பிரித்தால் கூச்சமுள்ளவர்கள் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார்கள். இருவர் இருவராகச் சேர்த்தே அனுப்புங்கள். எட்டுப் பேர் மேசையில் நான்கு ஜோடி. இதையெல்லாம்விட நன்றாக வேலை செய்வது பொறுப்புகளைக் கலப்பது. மேசை தூக்கும் குழு, பாத்திரம் கழுவும் குழு எல்லாவற்றிலும் ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் ஓர் ஆள். அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கியவர்கள் மறுநாள் வளாகத்தில் பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

மேடைக்குச் சுருக்கமாகச் சில. 12 நிகழ்ச்சி, தலா 4 நிமிடம், 48. நடுவில் 11 மாற்றம், தலா 2 நிமிடம், 22. பேச்சும் அறிவிப்பும் 20. ஆக ஒன்றரை மணி நேரம். இதற்கு மேல் போனால் பின்வரிசை காலியாகும். பாட்டு மூன்று நாள் முன்னதாகக் கோப்பாக வர வேண்டும், யூடியூப் இணைப்பாக அல்ல. நடுவில் விளம்பரம் ஓடும். பாட்டு ஓடும் லேப்டாப்பில் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். பூ தூவுகிற, வளையல் உடைய வாய்ப்புள்ள நடனங்களைக் கடைசியில் போடுங்கள். அடுத்து வெறுங்காலோடு ஆட வருபவரின் கால் முக்கியம். பெயர்களைத் தொகுப்பாளர் வாட்ஸ்அப் குரல் பதிவாக வாங்கிக் கேட்டு, தன் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். படம் திரையிடுவதற்குச் சொந்த ஓடிடி கணக்கு செல்லாது, பொதுத் திரையிடல் உரிமம் தனி. பல்கலைக்கழக நூலகத்தில் உரிமத்தோடு உள்ள படங்கள் இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாக ஒப்படைப்பு. எலக்ட்ரீஷியன் சொன்ன சர்க்யூட் விவரம், ஸ்டாலுக்கு எத்தனை கிலோ மிஞ்சியது அல்லது பற்றாமல் போனது, கொடி விதி, பொருள் அறைச் சாவி யாரிடம் என்பதையெல்லாம் விழா முடிந்த வாரத்திலேயே எழுதிவிடுங்கள். அந்தக் கோப்பு செயலாளரின் மாணவர் கணக்கில் இருக்கக் கூடாது. அவர் பட்டம் வாங்கிப் போனபின் பல்கலைக்கழகம் அந்தக் கணக்கை மூடும்போது கோப்பும் சேர்ந்து போய்விடும்; சங்கத்தின் பெயரில் பொதுக் கணக்கு ஒன்று கேட்டு வாங்கி, கடவுச்சொல்லை இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள், அதில் ஒருவர் முதலாண்டு மாணவராக இருக்கட்டும்.