பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரி மாணவர்களின் மனநலம் எப்படி இருந்தது என்று பேசத் தொடங்குபவர்கள், அவர்கள் தனிமையில் வாடினார்கள் என்றுதான் முதலில் சொல்கிறார்கள். பெங்களூருவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசகராக அந்த ஆண்டுகளைக் கடந்தவள் என்ற முறையில் எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். ஊருக்குப் போக வழியின்றி விடுதியிலேயே தங்கிவிட்ட வடகிழக்கு மாநில மாணவர்களைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி என்று வீடு திரும்பிய தமிழ் மாணவர்களும், இங்கேயே அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இரண்டு அறை வீடுகளில் வசித்தவர்களும், ஒரு நாளில் பத்து நிமிடம்கூடத் தனியாக இருக்க முடியாமல்தான் தவித்தார்கள். எங்கள் பிரிவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், அவர்களில் பெரும்பாலோர் என்னிடமே வந்தார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

2020 மார்ச் நடுவில் கர்நாடக அரசு கல்லூரிகளை ஒரு வாரத்துக்கு மூடச் சொன்னபோது, பிள்ளைகள் அந்த ஒரு வாரத்துக்கான துணியை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். மார்ச் 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்ட பிறகு, மாநில எல்லையில் உள்ள அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டி இந்தப் பக்கம் வர வழியில்லை. விடுதி அலமாரிகளில் புத்தகங்கள் கிடந்தன. சிலருடைய மாத்திரைகளும் கிடந்தன. மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களில் அதை வீட்டில் சொல்லியிருந்தவர்கள் மிகக் குறைவு. எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் எல்லாம் சில நாட்களிலேயே தலைகாட்டும். வீட்டில் அதற்குச் சோம்பல் என்றும் வாய்க்கொழுப்பு என்றும் பெயர் வைப்பார்கள்.

கிருஷ்ணகிரி பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பேசிய இரண்டாமாண்டு மாணவிக்கு இதுவே நடந்தது. மத்திய அரசு மார்ச் 25 அன்றே தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருந்ததால், அவளுடைய மருத்துவர் வீடியோவில் பார்த்துச் சீட்டு எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவதில் சிக்கல் இருக்கவில்லை. சிக்கல் மருந்துக்கடையில் இருந்தது. ஊரில் ஒரே ஒரு மெடிக்கல். அதன் உரிமையாளர் அவள் அப்பாவோடு தினமும் டீ குடிப்பவர். "நான் சீட்டை நீட்டின அரை மணி நேரத்துல வீட்டுக்குத் தெரிஞ்சிடும் மேம்" என்றாள். கட்டுப்பாடுகள் சற்றுத் தளர்ந்ததும், ஓசூரில் இருந்த அவளுடைய சித்தி மகள் அங்கே வாங்கி, நாப்கின் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த உறையை யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள் என்று இருவரும் சரியாகவே கணக்குப் போட்டிருந்தார்கள்.

எங்கள் பணி முழுவதும் தொலைபேசிக்கு மாறியிருந்தது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் மார்ச் இறுதியில் தேசிய உதவி எண் ஒன்றைத் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழுவும் ஏப்ரலில் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் மாணவர்களுக்கு உதவி எண் அமைக்கச் சொன்னது. எண்களுக்குப் பஞ்சமில்லை, அந்த எண்ணை அழைக்க ஒரு மூலை வேண்டுமே, அதற்குத்தான் பஞ்சம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலிலிருந்து பேசினார்கள், மாட்டுக்கொட்டகையிலிருந்து பேசினார்கள், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசியவர்களும் உண்டு, வாளி நிரம்பி வழியும் சத்தம் இங்கே கேட்கும். "எப்படி இருக்கீங்க?" என்பதற்கு முன்னால் "பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. சிலரோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன்: "அசைன்மென்ட் அனுப்பிட்டேன் மேம்" என்று சொன்னால் அறைக்குள் யாரோ வந்துவிட்டார்கள் என்று பொருள், உடனே நான் கடைசித் தேதிகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன். அதுவரை அழுதுகொண்டிருந்த குரல், மூச்சுவிடும் நேரத்தில் சமநிலைக்கு வந்து இன்டர்னல் மதிப்பெண்ணை விசாரிக்கும். அவர்கள் அவ்வளவு விரைவாக மாறப் பழகியிருந்தது எனக்குக் கவலையையே தந்தது.

இதற்கிடையில் நிர்வாகம் எங்களிடம் எண்ணிக்கை கேட்டது. மனச்சோர்வின் அளவைக் கணிக்கும் பிஎச்க்யூ-9 என்ற வினாநிரலை கூகுள் ஃபார்மில் ஏற்றி எல்லோருக்கும் அனுப்பினோம். ஒன்பது கேள்விகள், அதிகபட்சம் 27 மதிப்பெண். செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது ஒன்பதாவது. தம்பியின் ஆன்லைன் வகுப்பு முடிந்து கைக்கு வந்த போனில், அம்மா எட்டிப்பார்க்கும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எந்தப் பிள்ளை அதற்கு உண்மையைச் சொல்லும்? அங்கே பூஜ்யம் போட்டிருந்த ஒரு மாணவன், அதே வாரத்தில் இரவு மாடியிலிருந்து பேசியபோது வேறு பதில் சொன்னான். அவன் சம்மதத்தோடு அவனுடைய அண்ணனிடம் பேசி, மறுநாளே மனநல மருத்துவரை வீடியோவில் பார்க்கவைத்தோம். அந்தக் கணக்கெடுப்பின் அறிக்கையோ, பெரும்பாலோர் நலம் என்ற தொனியில் மேலே போனது. பதில்கள் எந்தச் சூழலில் எழுதப்பட்டவை என்று நாங்கள் சேர்த்திருந்த பத்தி, இறுதி வடிவத்தில் காணாமல் போயிருந்தது.

தேர்வு நடக்குமா நடக்காதா என்ற குழப்பம், 2020 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை இறுதியாண்டு மாணவர்களை அலைக்கழித்தது. 2021 ஏப்ரல் இறுதியில் கர்நாடகம் மறுபடி அடைக்கப்பட்டபோது அதையெல்லாம் பேச யாருக்கும் தெம்பில்லை. வீட்டில் இணையம் கையாளத் தெரிந்தவர்கள் என்பதாலேயே பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் ஆக்சிஜனும் படுக்கையும் தேடும் பொறுப்பைச் சுமந்தார்கள். தேடியும் கிடைக்காமல் தந்தையை இழந்தவர்கள், தங்கள் தேடலில்தான் ஏதோ குறை என்று நீண்ட காலம் நம்பினார்கள்.

கல்லூரி திறந்த பிறகு எல்லோரும் அறைக்கே நேரில் வருவார்கள் என்று நிர்வாகம் எதிர்பார்த்தது. வரவில்லை. எங்கள் அறை துறைத்தலைவர் அறைக்கு எதிரே இருந்தது. கண்ணாடிக் கதவு வேறு. யார் உள்ளே போகிறார்கள் என்று அந்த நடைபாதையில் நிற்கும் எவருக்கும் தெரியும். பல மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பின் நூலகத்தின் பின்புறத்தில் ஓர் அறை கிடைத்தது, இரவு பத்து மணிக்குமேல் ஒரு மணி நேரம் எழுத்துவழி உரையாடலைத் தொடரவும் அனுமதித்தார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசின் டெலி-மானஸ் என்ற தொலைபேசிவழி மனநல ஆலோசனைச் சேவை 14416 என்ற எண்ணில் தொடங்கியபின், அந்த எண்ணையும் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறோம். தேர்வு வாரங்களில் இரவின் அந்த ஒரு மணி நேரம் இன்னும் போதுவதில்லை. தமிழ் தெரிந்த இன்னோர் ஆலோசகருக்கான கோப்பு நிதி அலுவலகத்தில் இருக்கிறது.