கடைப் பேர் இல்லாத காட்

சட்டப்படி எங்களில் பிழை சொல்ல இடமில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எங்கள் அச்சகத்தில் ஓடர் எடுத்தோம், புரூஃப் காட்டினோம், எல்லாருக்கும் என்ன விலையோ அதே விலை, சொன்ன நாளுக்கு முதலே கொடுத்தும் விட்டோம். தங்க ஃபொயிலில் ஒரு பிசிறு கிடையாது. பின்பக்க அடியில் கடையின் பெயரும் தொலைபேசி இலக்கமும் பொடி எழுத்தில் வருமே, அந்த ஒரு வரி மட்டும் இல்லை.

இரண்டு பெண் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டுகிற கலியாணக் காட் அது. வழக்கமான தாமரை டிசைன்தான். தமிழ்ப் பக்கத்தில் இரண்டு இடத்திலும் திருநிறைச்செல்வி, ஒரு பக்கம் தாயும் தகப்பனும், மற்றப் பக்கம் தாயின் பெயர் மட்டும். புரூஃப் எடுக்கும்போது கடை முதலாளி அண்ணை வந்து திரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு மெதுவாகச் சொன்னார்: “அடிக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லைப் பிள்ளை. என்ர பேரைப் போடாத, அவ்வளவுதான்.”

அண்ணை பெந்தெகொஸ்தே சபைக்காரர். எவ்வளவு அவசர ஓடர் என்றாலும் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டார். அதே ஆள் கோயில் திருவிழா நோட்டீஸ், சாமத்தியவீட்டுக் காட், பிள்ளையார் போட்ட கலியாணக் காட் எல்லாம் காலங்காலமாக அடிக்கிறார், எல்லாவற்றிலும் கடைப் பேர் இருக்கும். நான் கேட்டேன், பிள்ளையாருக்குக் கீழே உங்கட பேர் இருக்கலாம், இதில இருக்கக் கூடாதோ என்று. “அது அவையின்ர நம்பிக்கை எண்டு பாக்கிற எல்லாருக்கும் தெரியும். இதில என்ர பேர் கிடந்தா நானே ஆசீர்வதிச்ச மாதிரி இருக்கும்” என்றார். அந்த நேரம் அது ஒரு நியாயமாகத்தான் பட்டது. பிறகு யோசித்தால், பயம் கடவுளுக்கா, காட்டைத் திருப்பிப் பார்க்கப்போகும் சபை ஆட்களுக்கா என்று ஒரு சந்தேகம்.

இங்கே கனடாவில் அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஸ்கொட் ப்ரொக்கியின் வழக்கு தெரிந்திருக்கலாம். ரொறன்ரோ அச்சகக்காரர், பக்தியுள்ள கிறிஸ்தவர். ஓரினச் சேர்க்கையாளர்களின் ஆவணக் காப்பகம் ஒன்று கேட்ட கடிதத்தாளும் உறையும் அடிக்க மாட்டேன் என்று 1996இல் மறுத்தார். 2000இல் 5,000 டொலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2002இல் மேல்முறையீட்டில் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை விட்டுவைத்தாலும் ஒரு விலக்குச் சேர்த்தது: கடிதத்தாள் போன்ற சாதாரண வேலையை மறுக்க முடியாது, ஆனால் அச்சகக்காரரின் நம்பிக்கையின் அடிப்படையோடு நேரே மோதுகிற செய்தியை அடிக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. கலியாணக் காட் இதில் எந்தப் பக்கம்? பெயர், திகதி, மண்டப விலாசம் என்று பார்த்தால் கடிதத்தாள் மாதிரித்தான். இல்லை, அதுவே ஒரு செய்திதான் என்று அண்ணையின் ஆட்கள் சொல்வார்கள். 2005 திருமணச் சட்டம் போதகருக்கும் குருக்களுக்கும் தங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாத கலியாணத்தை நடத்தி வைக்க மறுக்கும் உரிமையை எழுதியே வைத்திருக்கிறது. கடைக்காரருக்கு அப்படி ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. கடை திறந்தால் வருகிற எல்லாருக்கும்தான், அது எனக்கும் உடன்பாடு.

ஆனால் இதே அண்ணை முன்பொருமுறை, வேறொரு சமயத்தை இழிவாகத் திட்டி எழுதிய துண்டுப்பிரசுரத்தை அடிக்க முடியாது என்று ஒருவரைத் திருப்பி அனுப்பியபோது நான் சந்தோசப்பட்டவள். அப்போது இருந்த மனச்சாட்சி உரிமை இப்போது மட்டும் எங்கே போனது என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொள்வேன். உடனே பதிலும் வரும்: அந்தப் பிரசுரத்தை யார் கொண்டு வந்திருந்தாலும் அவர் அடித்திருக்க மாட்டார். இந்தத் தாமரைக் காட்டை ஒரு பெடியனும் பெட்டையும் கொண்டு வந்திருந்தால் பேரோடு அடித்திருப்பார். அப்படியென்றால் அவர் பார்த்தது காட்டையல்ல, ஆட்களை. சரி, ஆனால் அவர் மறுக்கவில்லையே? தன் பெயரை எங்கே போடுவது என்பது அவர் விருப்பம் இல்லையா? இந்த இடத்தில் வந்து ஒவ்வொருமுறையும் நின்றுவிடுகிறேன்.

காட் எடுக்க வந்த பிள்ளை ஒன்றைக் கையில் எடுத்து, முன்னுக்குப் பார்த்து, பின்னுக்குத் திருப்பி, “அக்கா, உங்கட கடைப் பேர் எங்க?” என்று கேட்டாள்.

“சிலபேருக்குப் பின்பக்கம் வெறுமையா இருந்தாத்தான் விருப்பம்.” பொய்யும் இல்லை. அப்படிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவள் கேட்கவில்லை, அதுதான் விசயம்.

“எங்கட அக்காவின்ர காட்டும் நீங்கதானே அடிச்சது. அதில இருக்கு.”

ஒரே வீட்டில் இரண்டு காட், ஒரே கடை. இதை நான் யோசித்திருக்கவேயில்லை. “வேணுமெண்டா போட்டுத் தரட்டோ?” என்று கேட்டேன். “இல்லையக்கா, பரவாயில்லை” என்று சொல்லிவிட்டுக் காசைக் கட்டினாள். முகத்தில் கோபம் இல்லை, அல்லது எனக்குத் தெரியவில்லை. “ஓம், போடுங்கோ” என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? அண்ணை உள் அறையில்தான் இருந்தார். கேட்கும்போதே அவள் வேண்டாமென்றுதான் சொல்வாள் என்று எனக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

பிறகு அண்ணையிடம் சொன்னேன், அப்படியென்றால் ஒருத்தருக்கும் போட வேண்டாம், எல்லாக் காட்டிலும் எடுத்துவிடுவோம், பாகுபாடு என்று யாரும் சொல்ல ஏலாது என்று. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு காட்டைப் பார்த்துத்தான் அடுத்த ஓடர் வருகிறது, செலவில்லாத விளம்பரம் அது, கடை வாடகை யார் கட்டுறது என்றார். அதுவும் உண்மைதான், ஆனால் பெயரை எங்கே போடுவது என்பது மனச்சாட்சி விசயம் என்று வாதாடியவர் விளம்பரம் என்று வந்ததும் அதையே வியாபாரக் கணக்கில் வைத்துவிட்டார். நான் சம்பளத்துக்கு நிற்கிறவள், இதற்குமேல் என்ன சொல்ல.

இப்போது ஓடர் படிவத்தில் நானே ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: பின்பக்கம் கடைப் பேர் போடலாமா, ஆம், இல்லை. எல்லாருக்கும் அதே படிவம். அநேகமானவர்கள் வாசிக்காமலே ஆம் என்று கோடு போட்டுவிட்டுப் போகிறார்கள். அண்ணை அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் மாதிரி யாராவது வந்து ஆம் என்று கோடு போட்டால் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். “வரட்டும், அப்ப பாப்பம்” என்றார். இன்னும் வரவில்லை.