அவதானம்

ரோட்டு வேலை நடக்கிற இடத்தில 'அவதானம்' எண்டு போர்ட் வைச்சிருப்பாங்களே, அதக் கண்டாலே எனக்கு இப்பவும் வயித்துக்குள்ள என்னமோ செய்யும். எட்டு வருசமாச்சு. பிள்ளைக்கு ஒண்டும் ஆகல்ல, நல்லாத்தான் இருக்கான், போன கிழமையும் தாய்தகப்பனோட கிளினிக்குக்கு வந்தவன். மறுகா என்னத்துக்கு இத எழுதுற எண்டு கேட்டா எனக்கும் சரியாத் தெரியா.

அண்டைக்கு மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில இருந்து கொழும்புக்கு ட்ரான்ஸ்ஃபருக்கு நர்ஸ் மிஸ்ஸியாப் போக இருந்தது நான் இல்ல, ட்யூட்டி மாறினதில என்ட தலையில விழுந்தது. ஆம்பிளப் பிள்ளை, 24 நாள், இதயத்தில பொறவி வருத்தம். மண்டூருக்கு அங்கால ஒரு ஊர். பொறந்து ரெண்டாம் நாள் துண்டு வெட்டி வீட்ட அனுப்பின பிள்ளை, நிறை நல்லம், அழுகை நல்லம், நெஞ்சில கருவி வைச்சுக் கேட்டாலும் ஒரு மேலதிக சத்தம் இல்ல. இந்த வருத்தத்தில அதுதான் பொல்லாத விசயம், கீழறைச் சுவரில ஓட்டை இல்லாத பிள்ளையெண்டா அனேகமா மேர்மர் கேக்காது, நிறம் மட்டும்தான் காட்டிக் குடுக்கும், எங்கட பிள்ளையளின்ட நிறத்தில நீலத்த எங்க போய்த் தேடுற? நாக்கையும் முரசையும்தான் பாக்கோணும். வீட்டுக்குப் பாக்கப் போன குடும்பநல மிஸ்ஸி, பிள்ளை கொட்டாவி விடக்குள்ள வாய்க்குள்ள பாத்திருக்கா, நாவப்பழம் திண்ட நாக்கு மாதிரிக் கிடந்ததாம். தாய உடுப்பு மாத்தக்கூட விடாம, மண்டூர்த் துறையில பாதையில, அதான் தண்ணியக் கடக்கிற மிதவையில ஏத்தி இஞ்சால குருமண்வெளிக்கு அனுப்பிப்போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கோலும் எடுத்துச் சொன்னவ. அந்த மனிசிக்குக் கோயில் கட்டலாம்.

எங்களிட்ட வரக்குள்ள சச்சுரேஷன், அதான் ரத்தத்தில ஒக்சிசன் அளவு, 62 வீதம். ஒக்சிசன் குடுத்தும் 65க்கு மேல ஏறல்ல. இதயத்த ஸ்கேன் பண்ற எக்கோவில தெரிஞ்சிட்டு, இதயத்தில இருந்து ரத்தம் கொண்டுபோற ரெண்டு பெரிய நாடியும் இடம் மாறி முளைச்சிருக்கு. உடம்புக்குப் போற பெருநாடி வலது கீழறையால வருது, சுவாசப்பைக்குப் போறது இடது கீழறையால வருது. அப்ப கெட்ட ரத்தம் உடம்பையே சுத்திச் சுத்தி வரும், நல்ல ரத்தம் சுவாசப்பையையே சுத்திச் சுத்தி வரும், ரெண்டும் கொஞ்சமெண்டாலும் கலக்கிறதெண்டா வயித்துக்குள்ள இருக்கக்குள்ள பாவிச்ச பழைய வழியளாலதான். மேலறை ரெண்டுக்கும் நடுவில ஒரு ஓட்டை, ரெண்டு நாடிக்கும் இடையில ஒரு சின்னக் குழாய். குழாய் நாள் போகப் போக மூடிரும். அத மூட விடாமப் பிடிச்சு வைக்கத்தான் புரொஸ்டகிளாண்டின் ட்ரிப்.

அந்த மருந்துக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு, சின்னப் பிள்ளைக்கு மூச்ச நிப்பாட்டும். மட்டக்களப்பில இருந்து கொழும்புக்கு முன்னூறு கிலோமீட்டருக்கு மேல. பொலனறுவை தாண்டி ஹபரணைக் காட்டுக்குள்ள, யானை நிக்குதெண்டு ட்ரைவர் மெதுவாக்கின நேரம் பாத்து மொனிட்டர் அடிக்கத் தொடங்கிட்டு. பாத்தா நெஞ்சு அசையல்ல. மூச்சுக் குடுக்கிற அம்பு பேக்க ஒரு கையில எடுத்துக்கொண்டு மற்றக் கையால உள்ளங்கால சுண்டினன். ஒண்டு. ரெண்டு. மூண்டாவது சுண்டலுக்குக் கீச்செண்டு அழுதுது. தாய் என்ட விரலையே பாத்துக்கொண்டிருந்தவ, என்ன எண்டு ஒரு வார்த்த கேக்கல்ல. கொழும்பு போய்ச் சேரக்குள்ள அந்த உள்ளங்கால் செவந்துபோய்க் கிடந்தது, எத்தின தரம் சுண்டினன் எண்டு எனக்கே கணக்கில்ல.

குருநாகலில டீசல் அடிக்க நிப்பாட்டினம். தகப்பன் முன் சீட்டில இருந்து இறங்கிப் பின் கதவடிக்கு வந்தான். மாடு வைச்சிருக்கிறவன், வயலும் கொஞ்சம் செய்யிறவன். "மிஸ்ஸி, இதயத்தில ஓட்டையெண்டா கூடாது எண்டுதானே எல்லாரும் சொல்ற, எங்கட டொக்டர் என்னடா எண்டா ஓட்டை இருக்கிறதாலதான் தப்பியிருக்கான், அங்க போனா இன்னும் பெரிசாக்குவாங்க எண்டுறார்?" எண்டு கேட்டான். நான் விளங்கப்படுத்தத் தொடங்கி நாலு சொல்லுக்குள்ள தடக்குப்பட்டுட்டன். அவன் கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, "ரெண்டு வயல், நடுவில வரம்பு, வரம்ப வெட்டி விட்டாத்தான் தண்ணி கலக்கும், அப்பிடியா?" எண்டான். அத விடத் திறமா ஒரு விளக்கத்த நான் இண்டு வரைக்கும் ஒருத்தரிட்டயும் கேக்கல்ல, இப்ப நானும் அதத்தான் தாய்மாருக்குச் சொல்ற. வயிர் ஒண்ட நாளத்தால விட்டு, ஓட்டைக்கு அங்கால கொண்டுபோய் நுனியில இருக்கிற பலூன ஊதி, வெடுக்கெண்டு இழுத்து வரம்பக் கிழிக்கிற வேலை அது. ராஷ்கிண்ட் எண்ட அமெரிக்க டொக்டர் 1966ல கண்டுபிடிச்சது. அது ஒப்பரேசன் இல்ல, ஒப்பரேசன் வரைக்கும் பிள்ளையக் கொண்டுபோற வழி.

இதெல்லாம் ஏன் இவ்வளவு சொல்றன் எண்டா, அந்த மனிசன் விளங்காத ஆள் இல்ல. சொன்னா விளங்கியிருக்கும். அதுதான் என்னக் குத்துற.

கொழும்பு ஆஸ்பத்திரி, விடிய மூண்டரை இருக்கும். டொக்டர் வந்தார், இளம் ஆள், நல்ல மனிசன், அவரில ஒரு பிழையும் சொல்லேலா. என்னோட இங்கிலீசில கதைச்சு எல்லாம் கேட்டு எடுத்துக்கொண்டு, தகப்பன்ட பக்கம் திரும்பிச் சிங்களத்தில சொல்லத் தொடங்கினார், நடுநடுவில என்னப் பாத்து நீங்க தமிழில சொல்லுங்க எண்டார். அந்த நேரத்தில தமிழ் தெரிஞ்ச ஆள் அங்க நான் மட்டும்தான். அவர் சொன்னது இதுதான். பிள்ளை பிந்தி வந்திருக்கு. இடது கீழறை 24 நாளா சுவாசப்பைக்கு மட்டும் லேசா அடிச்சு அடிச்சுச் சோம்பிப் போயிருக்கும், சதை மெலிஞ்சிருக்கும். நாடிகள மாத்திப் பொருத்தின அந்த நிமிசத்தில இருந்து முழு உடம்புக்கும் அதுதான் அடிக்கோணும், தாங்குமா எண்டு உறுதி சொல்லேலா. முதல் ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள வந்திருந்தா நல்லம். கடைசியா, "அவதானம வெடியி" எண்டார்.

தகப்பன் டக்கெண்டு என்னத் திரும்பிப் பாத்தான். அவ்வளவு நேரமும் விளங்காத பேச்சுக்குள்ள ஒரு சொல்லு விளங்கின சந்தோசம் அந்த முகத்தில. "அவதானமாச் செய்வாங்களாம், என்ன மிஸ்ஸி?"

நான் "ஓம்" எண்டன்.

சிங்களத்தில அவதானம எண்டா ஆபத்து. ஆபத்துக் கூட எண்டுதான் அவர் சொன்னவர். எனக்குத் தெரியாம இல்ல, முதல் நியமனம் பொலனறுவைப் பக்கம், ரெண்டு வருசம் அந்தச் சொல்லோடதான் வேல செய்தனான். ஒரே இடத்தில இருந்து வந்த சொல்லாத்தான் இருக்கோணும், நாங்க கவனத்துக்கு எடுத்துக்கொண்டம், அவங்க ஆபத்துக்கு எடுத்துக்கொண்டாங்க. இத இப்ப சிரிச்சுக்கொண்டு சொல்லலாம். அண்டைக்கு ஒரு பிள்ளை அதில தொங்கிக்கொண்டிருந்தது.

மறுகா மிச்சத்தத் தமிழில சொன்னன். "பிந்தித்தான் வந்திருக்கமாம், இடது பக்கம் கொஞ்சம் பலம் குறைஞ்சிருக்குமாம், ஆனா செய்யலாம் எண்டுறார்." டொக்டர் ஆனா சொல்லவே இல்ல. அந்த ஆனா என்ட ஆனா.

பொய் சொன்னனா எண்டு கேட்டா, இல்ல எண்டுதான் முதல் வாயில வரும். அவங்க அவதானமாச் செய்வாங்கதானே, அதில என்ன பொய்? அந்தாள் அம்புலன்சில ஏறக்குள்ளயே சொல்லிட்டான், அண்ணனக் கேக்காம ஒண்டுக்கும் கையெழுத்து வைக்க மாட்டனெண்டு. ஆபத்துக் கூட எண்டு சொல்லியிருந்தா போன் எடுத்திருப்பான், அண்ணன் விடிஞ்சு மாட்டுப் பட்டிக்குப் போயிருப்பார், சிக்னல் இல்லாத இடம், மறுகா ஊரில ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க, ரெண்டு நாள் போயிரும். அந்த ரெண்டு நாளும் இடது பக்கம் இன்னும் மெலியும். நான் யோசிச்சுத்தான் சொன்னன். இல்ல, யோசிச்சன் எண்டு இப்ப சொல்றன், அந்த நேரம் யோசிச்சனா எண்டா தெரியா. ஆறேழு மணித்தியாலம் ஒரு காலச் சுண்டிக்கொண்டு வந்த விரல், மூண்டரை மணி, அந்த முகத்தில இருந்த சந்தோசம். ஓம் எண்டு வாய் தானாச் சொல்லிட்டு. மற்ற நியாயமெல்லாம் மறுகா நான் இருந்து கட்டினது எண்டுதான் சில நாள்ல படுது.

கையெழுத்து வைச்சான். விடிஞ்சு நான் அம்புலன்சில திரும்பிட்டன்.

அதுக்குப் பிறகுதான் இந்த ஒப்பரேசனப் பத்தி வாசிக்கத் தொடங்கினன், அதுக்கு முன்ன பேரும் படமும் மட்டும்தான் தெரியும். 1959ல சென்னிங், கொஞ்சம் பிந்தி மஸ்டர்ட், அவங்க நாடிகளத் தொடாம மேலறைக்குள்ளயே தடுப்பு வைச்சு ரத்தத்த வழி மாத்தி விட்டவங்க. பிள்ளையள் தப்பினதுதான், ஆனா காலம் முழுக்க வலது பக்கம்தான் உடம்புக்கு அடிக்கோணும், அது அதுக்கெண்டு செஞ்ச பக்கம் இல்ல, வளர வளரக் களைச்சுப் போகும். 1975ல பிரேசிலில ஜாட்டேன் எண்டவர்தான் நாடிகளையே வெட்டி இடம் மாத்தி வெற்றிகரமாப் பொருத்தினவர். அதில பெரிய வேலை பெரிய நாடி இல்லயாம். பெருநாடியின்ட அடியில இருந்து இதயத்துக்கே ரத்தம் குடுக்கிற ரெண்டு சின்ன நாடி கிளைக்குது, பிறந்த பிள்ளைக்கு அது ஈர்க்குக் குச்சி அளவு, அத அடியில கொஞ்சச் சதையோட பொத்தான் மாதிரி வெட்டி எடுத்துப் புது இடத்தில தைக்கோணும், கொஞ்சம் முறுகினாலும் இழுபட்டாலும் அவ்வளவுதான். எங்கட பிள்ளையள இதுக்குக் கூடுதலா அனுப்புறது கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குத்தான். பிந்தி வந்த பிள்ளைக்கு முதல்ல சுவாசப்பை நாடிய இறுக்கிக் கட்டி, இடது பக்கத்துக்குப் பாரம் குடுத்துப் பழக்கிப்போட்டு மறுகா மாத்திற முறையும் இருக்கு. இந்தப் பிள்ளைக்கு அப்பிடிச் செய்யல்ல, நேரடியா மாத்தினவங்க, நெஞ்ச மூடாம நாலு நாள் வைச்சிருந்தவங்களாம். ஒரு மாசத்துக்குப் பிறகு வீட்ட வந்தான். தகப்பன் ஒரு தயிர்ச் சட்டியோட யூனிட் வாசல்ல நிண்டான். "நீங்க சொன்னபடியாத்தான் மிஸ்ஸி துணிஞ்சு வைச்சன்" எண்டான். அண்டையத் தயிர நான் தொடல்ல, புளிக்குதெண்டு சொல்லிப் பெட்டையளுக்குக் குடுத்திட்டன்.

ரெண்டு வருசத்தால இன்னொரு பிள்ளை, பொம்பளப் பிள்ளை. அதே வருத்தம், அதே பயணம். இந்த முறை நான் ஒரு சொல்லும் விடல்ல. ஆபத்து எண்டதத் தமிழில மூண்டு தரம் சொன்னன், தகப்பன்ட முகத்தப் பாத்துக்கொண்டே சொன்னன். அவங்க வெளிய போய்ப் போன் எடுத்தாங்க, அழுதாங்க, அடுத்த நாள் பின்னேரம்தான் கையெழுத்து. நாலாம் நாள் பிள்ளை போயிட்டு. பிந்தினதால இல்ல, அந்தச் சின்ன நாடி ஒண்டு பெருநாடிச் சுவருக்குள்ளாலயே ஓடியிருந்ததாம், அப்பிடி ஓடினா மாத்திறது சரியான கஷ்டம். அந்தத் தாய் என்னக் கண்டு, "நீங்க முன்னமே சொன்னீங்கதானே மிஸ்ஸி, நாங்க தெரிஞ்சுதான் குடுத்தம்" எண்டா. என்னில ஒரு கோவமும் இல்ல. சரியாச் செய்தன் எண்டு நினைச்சன். ஆனா ராத்திரியில நினைவுக்கு வாறது அந்த முதல் ஓம்தான், இது இல்ல. ஏன் எண்டு விளங்கல்ல. மொழி தெரிஞ்ச ஒரு ஆள ராத்திரிக்கும் போட்டா இந்தப் பிரச்சினையே இல்ல எண்டு நான் மீட்டிங்கில சொல்றனான்தான், ஆனா அந்த ஆளும் அந்த முகத்தப் பாத்துத்தானே சொல்லோணும்.

இதுக்கு நடுவில இன்னொண்டு. பொடியனுக்கு அஞ்சு வயசிருக்கும், கிளினிக் நாள், அவன்ட தாய் வாசல்ல தோடம்பழம் விக்கிற சிங்கள மனிசனோட விலை பேசிக்கொண்டு நிண்டா. அப்பிடியொரு சிங்களம், எனக்கு வராது. "எங்க புள்ள பழகின?" எண்டன். "கட்டுநாயக்காவில மூண்டு வருசம் கார்மென்ட்சில இருந்தனான் மிஸ்ஸி, கலியாணத்துக்கு முந்தி." எனக்குக் கால் ரெண்டும் குளிர்ந்திட்டு. "அப்ப அண்டைக்கு டொக்டர் சொன்னது…?"

"விளங்கினது."

தோடம்பழத்தின்ட நாரக் கையால உரிச்சுக்கொண்டே சொன்னா, "அவர் பயந்த ஆள். நீங்க ஓம் எண்டீங்க, நானும் பேசாம இருந்தன்." ஒரு சுளைய எடுத்துக் கொட்டைய நீக்கிப் பொடியன்ட வாயில வைச்சா. அவ்வளவுதான், வேற கதைக்குப் போயிட்டா.

அண்டைக்கு எனக்கு நெஞ்சிலிருந்து கல்லொண்டு இறங்கின மாதிரி இருந்தது. நான் மட்டும் எடுத்த முடிவில்ல, பெத்தவளுக்குத் தெரிஞ்சிருக்கு. ரெண்டு நாள்தான் அந்த நிம்மதி. மறுகா வேற மாதிரி யோசிக்கத் தொடங்கிட்டன். மிஸ்ஸியே ஓம் எண்டுறா, அப்ப அவ்வளவு ஆபத்தில்ல போல எண்டு நினைச்சுத்தான் அவ பேசாம இருந்தாவா? நான் அவவின்ட புருசன மட்டும் ஏமாத்தினன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்க, அவ என்ட ஓம எந்த அளவுக்கு நம்பினா? கேக்கலாம். கேக்கல்ல. பிள்ளை தப்பாம இருந்திருந்தா அவ அந்த வாசல்ல என்ன சொல்லியிருப்பா எண்டும் யோசிக்கிறதுதான்.

போன கிழமை வந்தவங்க எண்டனே. பொடியன் கொரிடோரில ஓடித் திரியிறான், சேட்டு மேல் பொத்தான் திறந்து நெஞ்சுத் தழும்பு தெரியுது, வருசத்துக்கு ஒருக்கா எக்கோ, அந்தச் சின்ன நாடிகள் நல்லா ஓடுதா எண்டு பாக்கத்தான். வாங்கில ஒரு புதுத் தகப்பன், வாழைச்சேனைப் பக்கம், பிள்ளை பொறந்து ஆறு நாள், உள்ள ட்ரிப்பில கிடக்கு, ராத்திரி கொழும்புக்கு அனுப்ப இருக்கு. எங்கட பொடியன்ட தகப்பன் அவருக்குப் பக்கத்தில போய் இருந்து கதை சொல்றான். "பயப்படாதீங்கண்ணன், எங்கட ஆளையும் கொண்டுபோகக்குள்ள பெரிய டொக்டரே வந்து சொன்னவர், அவதானமாத்தான் செய்வம் எண்டு. அவர்ர வாயால சொன்னவர்." சொல்லிப்போட்டு நிமிந்து என்னப் பாத்தான். "என்ன மிஸ்ஸி?"

வாங்கில இருந்த ரெண்டு பேரும் என்னப் பாத்தாங்க. ஊசி மருந்துகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு நிண்ட நான், உள்ள ட்ரிப் பம்ப் அடிக்குது எண்டு சொல்லிப்போட்டுக் கதவத் தள்ளிக்கொண்டு போயிட்டன். பம்ப் அடிக்கல்ல.