அம்மா நன்றாக நடப்பா, அதனால்தான் வான் கிடைக்கவில்லை

போன கிழமை முடிவுக் கடிதம் வந்தது. பஸ்ஸில் தனியாகப் போக முடியாதவர்களை ஏற்றிச் செல்லும் விசேட வான் சேவை அம்மாவுக்கு வருடம் முழுவதும் உண்டு என்று எழுதியிருந்தார்கள். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் படியிலேயே இருந்துவிட்டேன். ஐந்து மாத அலைச்சல். கனடாவின் ஒன்ராறியோவில் மறதி நோயுள்ள அம்மா அப்பாவைப் பராமரிப்பு இல்லத்தில் வைத்திருப்பவர்கள் எங்கள் பிழைகளைத் திருப்பிச் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் பிழை விண்ணப்பப் படிவத்தில். இல்லத்து அலுவலகத்தில் இருந்தவர், "அம்மா நல்லா நடக்கிறா தானே" என்று சொல்லி, உதவியில்லாமல் நடப்பார் என்று அடையாளமிட்டு அனுப்பிவிட்டார். நடப்பது உண்மை. 81 வயதிலும் என்னைவிட வேகமாக நடப்பா. ஆனால் பஸ் தரிப்பில் நின்றால் எங்கே போகிறோம் என்பது இரண்டு நிமிடத்தில் மறந்துவிடும். முதலில் வரும் பஸ்ஸில் ஏறிவிடுவா. அதைப் பற்றிப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. பனிக்காலத்துக்கு மட்டும் தகுதி என்று பதில் வந்தது. கால் வழுக்கும் என்பது அவர்களுக்கு விளங்கியது, வழி தவறும் என்பது விளங்கவில்லை.

குடும்ப வைத்தியரிடம் ஓடினேன். "டிமென்சியா உள்ளது" என்று ஒரு வரிக் கடிதம் தந்தார். அது போதாது. நோயின் பெயரை விட, என்ன செய்ய முடியாது என்பதை எழுத வேண்டும்: தனியாகக் காத்திருக்க முடியாது, தன் விலாசம் சொல்லத் தெரியாது, இறங்கும் இடம் தெரியாது, துணையில்லாமல் அனுப்பக்கூடாது. இரண்டாம் முறை நானே இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். துணைக்குப் போகிறவரிடம் கட்டணம் எடுக்கக்கூடாது என்பது விதி. ஆனால் துணை தேவை என்பதை நாங்கள்தான் நிரூபிக்க வேண்டும், கேட்காமல் யாரும் பதிந்து தரமாட்டார்கள்.

இதற்கிடையில், கிடைத்த பனிக்காலத் தகுதியில் வானைப் பதிந்து, ஜனவரியில் ஒரு வீண் பயணம். பயணம் என்று சொல்லவும் முடியாது, வாசலைத் தாண்டவே இல்லை. கண் வைத்தியருக்குப் பின்னேரம் மூன்று மணிக்கு நேரம் எடுத்திருந்தேன். அம்மாவுக்குக் கோட், தொப்பி, சப்பாத்து எல்லாம் போட்டு முன் மண்டபத்தில் இருத்தினேன். வான் பின்பக்கம், சாமான் இறக்கும் வாசலில் நின்றுவிட்டுப் போய்விட்டது. சாரதி எடுத்த அழைப்பு வரவேற்பு மேசையில் அடித்து ஓய்ந்திருக்கிறது. அம்மா சப்பாத்துகளைக் கழற்றிச் சோடியாகக் கதிரைக்குக் கீழே வைத்தா. "பிள்ளை, இனி பஸ் வராது. வா, நடந்து போவம்" என்று வெறும் காலுறையோடு கதவுக்குப் போனா. கதவு இலக்கம் அழுத்தினால்தான் திறக்கும். அதை அவ இழுத்த இழுவையை என்னால் மறக்க முடியவில்லை.

பதிவு செய்யும்போது கட்டிடத்தின் விலாசத்தோடு நிற்காதீர்கள். எந்த வாசல் என்று சொல்லுங்கள். தொலைபேசி இலக்கமாக உங்கள் கைபேசியையும் தாதிமாரின் மேசையையும் கொடுங்கள். நேரம் காலையில் எடுங்கள். பின்னேரமானால் அம்மாவைப் போன்ற பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடிவிடும்.

அப்புறம், பனிக்காலத்துக்கு மட்டும் என்ற முடிவுக்கு எதிரான மேன்முறையீடு. ஒன்ராறியோவின் 2005ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளில் இருக்கிறது: விண்ணப்பத்துக்கு 14 நாள், மேன்முறையீட்டுக்கு 30 நாள், அதற்குள் முடிவு வராவிட்டால் தற்காலிகத் தகுதி தர வேண்டும். விண்ணப்பிக்கக் கட்டணமும் இல்லை. ஆனால் நாட்களை எண்ணத் தொடங்குவது எல்லாத் தாளும் முழுமையாகச் சேர்ந்த பிறகுதான். வைத்தியர் ஒரு பக்கத்தில் திகதி போட மறந்ததால் எங்களுக்கு இரண்டு கிழமை போனது. அனுப்ப முன் ஒவ்வொரு பக்கத்தையும் பாருங்கள், பிரதி எடுத்து வையுங்கள்.

நேற்று முதல் தடவை முன் வாசலுக்கு வான் வந்தது. அம்மா ஏறி இருந்ததும் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, சில்லறையைச் சாரதியிடம் நீட்டி, "தம்பி, கொடிகாமம் ரெண்டு ரிக்கற்" என்றா, யாழ்ப்பாணத்துப் பஸ்ஸில் கேட்பதுபோல. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. இரண்டு கையாலும் வாங்கி, இறங்கும்போது என்னிடம் தந்தான்.