முட்டை வருமா, வராதா

இகாலுயிட்டில் ஒரு சின்ன உணவகத்தின் சமையல்கட்டில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். கனடாவின் நுனாவுட் பிரதேசத்துக்குத் தலைநகரம்தான், ஆனால் மொத்தமே ஏழாயிரத்துச் சொச்சம் பேர், வெளியூருக்கு ரோடே கிடையாது. ஒட்டாவாவிலிருந்து மூன்று மணி நேரம் பறந்து வரும் விமானம், இல்லாவிட்டால் கடல்பனி உருகிய கோடையில் வரும் கப்பல். சரக்குக்கு வேறு வழியில்லை.

நன்றாகச் சமைப்பேன் என்ற மிதப்போடு போனேன். முதலாளியம்மா கரண்டியைக் கொடுக்கவில்லை, ஒரு நோட்டைக் கொடுத்தார். மைதா எத்தனை மூட்டை, எண்ணெய் எத்தனை டின் என்று கோடைக் கப்பலில் வர வேண்டிய ஒரு வருடத் தேவையை வசந்த காலத்திலேயே கணக்குப் போட்டு ஆர்டர் கொடுக்க வேண்டும், பணமும் அப்போதே முடங்கிவிடும். குறைத்துப் போட்டால் அதே மைதா பிப்ரவரியில் விமானம் ஏறி வரும், அந்தக் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். கூட்டிப் போட்டாலோ வைக்க இடமில்லை.

முதல் வருடம் பேக்கிங் பவுடரில் கோட்டை விட்டேன். எங்கள் கடையில் அதிகம் போவதே பலாவுகாக், அதாவது அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் பானக் ரொட்டி (எண்ணெயில் பொரித்தால் நம்ம பூரிக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி இருக்கும்). பவுடர் இல்லாமல் அது கல்தான். போட்டிக் கடைக்காரர் ஒரு டப்பா கடன் கொடுத்தார், அடுத்த மாதம் எங்கள் எண்ணெய் அவருக்குப் போனது. அங்கே யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை.

அப்புறம் 2021 அக்டோபர். குழாய்த் தண்ணீரில் எரிபொருள் கலந்துவிட்டது, காய்ச்சினாலும் குடிக்கக் கூடாது என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய இரண்டு மாதம் ஊரே சில்வியா கிரினெல் ஆற்றில் தண்ணீர் பிடித்தது, பாட்டில் தண்ணீரும் விமானத்தில் வந்து இறங்கியது. நாங்கள் காப்பி, சூப் இரண்டையும் நிறுத்திவிட்டு, பாங்னிர்டுங் என்ற ஊரின் மீன் ஆலையிலிருந்து வரும் ஆர்க்டிக் சார் மீனை வறுத்து ஓட்டினோம். அந்த மீன் இல்லையென்றால் கடையை மூடியிருப்போம்.

முட்டை, பால், கீரை மட்டும் என் கணக்குக்குள் வரவே இல்லை. பனிப்புயல் அடித்தால் விமானம் நிற்கும், காலையில் மெனுப் பலகையில் ஆம்லெட்டை அழிப்பேன். ஒருமுறை நான்கு நாள் கழித்து வந்த பெட்டியை ஆசையாகத் திறந்தேன், பாதி முட்டை உறைந்து ஓடு வெடித்துக் கிடந்தது. சரி என்று மறுபடி மைதா மூட்டையைப் பிரித்தேன்.