அம்புலன்ஸில் மூன்றாவது ஆள்

கனடாவின் ஒன்ராறியோவில், அம்புலன்ஸில் வந்து அவசர சிகிச்சை தரும் பரமெடிக் ஆக விரும்புபவர், அங்கீகாரம் பெற்ற கல்லூரியொன்றில் இரண்டாண்டு டிப்ளோமா முடித்து, பின்னர் மாகாண சுகாதார அமைச்சின் ஏ-ஈஎம்சிஏ தேர்வில் தேற வேண்டும். ஊரில் உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டு வந்த எனக்கு உடற்கூறோ மருந்தியலோ பெரிய அச்சத்தைத் தரவில்லை. முன்பின் அறியாத ஒருவரின் வீட்டுக்குள் நுழைந்து, சில நிமிடங்களுக்குள் அவரிடம் கேட்கக் கூசுகின்ற கேள்விகளை ஒழுங்காகக் கேட்டு முடிப்பதுதான் இந்தப் படிப்பின் கடினமான பகுதி.

அதற்கு முன்னர் ஆவணங்கள் இருக்கின்றன. பொலிஸ் சான்றும் தடுப்பூசிப் பதிவுகளும் எல்லோருக்கும் பொதுவானவை. காசநோய்த் தோல் சோதனையோ எம்மவர்க்குத் தனிச் சிக்கலைத் தரக்கூடியது. இலங்கையில் பிறந்த குழந்தைக்குக் காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி போடுவது வழக்கம் என்பதால், நோய்த்தொற்று இல்லாதவருக்கும் சோதனை செய்த இடம் தடித்துவிடலாம். அப்போது நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து மருத்துவரின் கடிதமும் பெற வேண்டியிருக்கும் என்பதால், இதைச் சேர்வதற்குப் பல வாரங்கள் முன்பே தொடங்குவது நல்லது. அம்புலன்ஸ் ஓட்டுவதற்கான எஃப் வகுப்பு உரிமத்தையும், சாதாரண கார் ஓட்டுவதற்கான முழு ஜி உரிமம் உள்ளவரே பெறலாம். பஸ் இருக்கிறதே என்று அதற்கு முந்திய படியான ஜி2 உடன் நின்றுவிட்டவர்கள் இவ்விடத்தில் அகப்பட்டுக்கொள்வார்கள்.

இது என்ன வேலை என்று உறவினருக்கு விளக்குவது இன்னொரு பாடம். 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலங்கையின் வட மாகாணத்துக்கு 2018இல்தான் வந்தது. அதற்கு முன்னர் புறப்பட்டு வந்த எங்களுக்கு நெஞ்சுவலிக்காரரை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடியதுதான் நினைவு. ஆகவே பலரும் இதைச் சாரதி வேலை என்றே எண்ணுகிறார்கள். உண்மையில், வட்டார ஆதார மருத்துவமனையின் மருத்துவர் ஒப்படைத்த அதிகாரத்தின் பேரில், எழுதப்பட்ட நெறிமுறைகளுக்கு உட்பட்டு, பரமெடிக் மருந்து கொடுக்கிறார். எந்த நிலையில் கொடுக்கக் கூடாது என்பதைத்தான் நாங்கள் அதிகம் மனனம் செய்தோம்.

இறுதிப் பருவத்தில் மாணவர் மூன்றாவது ஆளாக, அனுபவமுள்ள இரண்டு பரமெடிக்குகளோடு உண்மையான அழைப்புகளுக்குச் செல்கிறார். தனி ஒருவரின் கதையை எழுத எனக்கு உரிமையில்லை. ஆனால் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதித் தமிழ் வீடுகளில் பொதுவாக நடப்பதைச் சொல்லலாம். முதற்சங்கடம் சப்பாத்து. பாதுகாப்புக்காக அதைக் கழற்றாமல்தான் உள்ளே போக வேண்டும். சாமி அறையின் வாசலைக் கடந்து பனி ஒட்டிய சப்பாத்தோடு நடக்கும்போது கால் தானாகவே தயங்கும்.

நெஞ்சுவலி என்றால், ஒவ்வாமை போன்றவற்றை விசாரித்துவிட்டு 80 மில்லிகிராம் அஸ்பிரின் இரண்டைச் சப்பி விழுங்கக் கொடுக்கிறோம், ஈசிஜியும் எடுக்கிறோம். நாக்கின் கீழ் தெளிக்கும் நைட்ரோகிளிசரினுக்குத்தான் நிபந்தனைகள் அதிகம். மேல் இரத்த அழுத்தம் 100க்குக் குறையக் கூடாது. கடந்த 48 மணிநேரத்தில் ஆண்மைக்குறைவு மாத்திரை எடுத்திருக்கவும் கூடாது, ஏனெனில் இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். எழுபது வயது ஐயா ஒருவரிடம், மகளும் மருமகனும் சுற்றி நிற்க, தமிழ்ப் பெண்ணொருத்தி இதைக் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் கேட்டால் எனக்குக் கூச்சம் குறையும், அவருக்கு விளங்காது. வீட்டிலுள்ள மருந்துகளையெல்லாம் எடுத்துவரும்படி மகளை அனுப்பிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்கப் பழகிக்கொண்டேன்: “ஐயா, இந்த மருந்து தாறதுக்கு முன்னம் எல்லாரிட்டையும் கேக்கிறது. இந்த ரெண்டு நாளுக்குள்ள வயாகரா மாதிரி குளிசை ஏதும் எடுத்தனீங்களோ?” ‘எல்லாரிட்டையும்’ என்று சேர்த்தால் பெரும்பாலானோர் கோபப்படுவதில்லை.

மகள் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு பிஸ்கட் டின். குடும்ப மருத்துவர் எழுதிய குளிசைகளோடு, யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்தவர் கையில் கொடுத்துவிட்ட அட்டைகளும் அதற்குள் கலந்திருக்கும். அவற்றின் வணிகப்பெயர்கள் இங்கு எவருக்கும் தெரியாது. அட்டையின் பின்புறத்துச் சிறிய எழுத்தில் மருந்தின் பொதுப்பெயரைத் தேடி வாசித்து, வழிகாட்டும் பரமெடிக்குக்குச் சொல்ல வேண்டியது மூன்றாவது ஆளின் பொறுப்பு. அந்தப் பொதுப்பெயர்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கும்படி இப்போது எங்கள் சொந்தக்காரர் அனைவரிடமும் கேட்டுக்கொண்டு வருகிறேன். அம்மா மட்டும் இன்னும் எழுதவில்லை.